வீட்டுத் தென்னைக்கு உரம் எவ்வளவு? நீங்களே கணக்கிடலாம்



கோவளம் முதல் திருவிடந்தை வழியாக மாமல்லபுரம் வரையிலான கடற்கரை ஊர்களில் வீட்டுக் கொல்லையில் நாலைந்து தென்னை இல்லாத குடும்பம் குறைவு. இம்மரங்களுக்கு உரம் இடுவோரும் பலர் உண்டு. ஆனால் "மரத்துக்கு நாலு கை யூரியா" என்ற அளவிலேயே பெரும்பாலும் அது நின்றுவிடுகிறது. ஓலை பச்சை பிடிக்கிறது. காய் மட்டும் கூடுவதில்லை. காரணம் என்ன? மரம் கேட்பது ஒன்று, நாம் கொடுப்பது வேறொன்று.

மரம் கேட்பது எவ்வளவு?

காய்க்கும் நெட்டைத் தென்னை ஒன்றுக்கு ஆண்டுக்குத் தழைச்சத்து 560 கிராம், மணிச்சத்து 320 கிராம், சாம்பல்சத்து 1,200 கிராம் வேண்டும் என்பது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பொதுப் பரிந்துரை. இத்துடன் 50 கிலோ தொழு உரமும் இட வேண்டும். தழைச்சத்தைப் போல் இரண்டு மடங்குக்கும் மேலாகச் சாம்பல்சத்து தேவைப்படுவதைக் கவனியுங்கள். மணற்பாங்கான நிலத்தில் இச்சத்து தங்குவதில்லை. அடி ஓலைகள் நுனியிலும் ஓரத்திலும் மஞ்சளாகிக் கருகுவது இதன் பற்றாக்குறைக்கு ஓர் அறிகுறி.

கணக்கிடும் முறை

உர மூட்டையில் அச்சிட்டிருக்கும் எண், அதிலுள்ள சத்தின் சதவீதம். யூரியாவில் தழைச்சத்து 46. சூப்பர் பாஸ்பேட்டில் மணிச்சத்து 16. மியூரியேட் ஆஃப் பொட்டாஷில் சாம்பல்சத்து 60. தேவையான சத்தை 100ஆல் பெருக்கி, இந்த எண்ணால் வகுத்தால் இட வேண்டிய உரம் கிடைக்கும்.

யூரியா: 560 × 100 ÷ 46 = 1,217 கிராம்
சூப்பர் பாஸ்பேட்: 320 × 100 ÷ 16 = 2,000 கிராம்
பொட்டாஷ்: 1,200 × 100 ÷ 60 = 2,000 கிராம்

யூரியாவைச் சற்றுத் தாராளமாக 1.3 கிலோ என்று வைத்துக்கொள்வது வழக்கம். பத்து மரத்துக்கு 13 கிலோ யூரியா, 20 கிலோ சூப்பர், 20 கிலோ பொட்டாஷ் போதும். யூரியா மூட்டை 2018 முதல் 50 கிலோ அல்ல, 45 கிலோ என்பதையும் நினைவில் கொள்க.

இந்த முழு அளவு ஐந்தாம் ஆண்டு முதல்தான். இரண்டாம் ஆண்டில் கால் பங்கும், மூன்றாம் ஆண்டில் அரைப் பங்கும், நான்காம் ஆண்டில் முக்கால் பங்கும் இட்டால் போதுமானது.

கலப்பு உரம் இட்டால்?

கடையில் 17:17:17 மட்டுமே கிடைத்தால் 560 × 100 ÷ 17 = 3.3 கிலோ இட வேண்டும். தழைச்சத்துச் சரியாகிவிடும். மணிச்சத்தோ 240 கிராம் மிகும்; அது வீண் செலவு. சாம்பல்சத்தில் 640 கிராம் குறையும். அதை ஈடுசெய்ய இன்னும் 1 கிலோவுக்குச் சற்று மேலாகப் பொட்டாஷ் தேவை. ஆகவே தனி உரங்களே சிக்கனமானவை.

எப்போது, எப்படி இடுவது?

ஆண்டுக்குரிய அளவை இரண்டாகப் பிரித்து ஜூன்-ஜூலையிலும் டிசம்பர்-ஜனவரியிலும் இடுவது பொது முறை. நம் கடற்கரையிலோ டிசம்பரிலும் பெருமழை உண்டு. 2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் கரையைக் கடந்தது மாமல்லபுரம் அருகில்தான். எனவே மழை ஓய்ந்து ஜனவரியில் இடுவதே நலம். பாசன வசதி உள்ளவர்கள் யூரியாவையும் பொட்டாஷையும் நான்கு தவணையாகப் பிரித்து இட்டால் மணலில் இறங்கி வீணாவது குறையும்.

மரத்தைச் சுற்றி 6 அடி தூரம் வரை வட்டப்பாத்தி எடுத்து, ஈரம் இருக்கும்போது உரத்தைப் பரவலாகத் தூவி, கொத்தி மூடி, நீர் பாய்ச்ச வேண்டும். தூரில் குவிக்கலாகாது. யூரியாவையும் சூப்பரையும் கலந்து வைத்தால் கசிந்து கட்டியாகும், கலந்தவுடன் இட்டுவிடுங்கள்.

தராசு இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். ஒரு டப்பாவில் அரைக் கிலோ உரத்தை ஒருமுறை கடையில் நிறுத்துக் கோடு போட்டுக்கொள்ளுங்கள். யூரியா இலேசானது, பொட்டாஷ் கனமானது; ஆகவே ஒவ்வொன்றுக்கும் தனிக் கோடு வேண்டும்.

கிணற்றையும் நினையுங்கள்

மணலில் மிகுதியாக இட்ட யூரியா மரத்துக்கும் சேராது. நைட்ரேட்டாக மாறி மழையோடு இறங்கி, கொல்லைக் கிணற்றில் கலக்கும். குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் நைட்ரேட் இருக்கலாகாது என்பது இந்தியத் தர நிர்ணய வரம்பு. மிகுந்தால், அந்நீரில் கரைத்த பால் குடிக்கும் கைக்குழந்தைக்கு ஆபத்து. கிணற்று நீரைக் காய்ச்சினாலும் நைட்ரேட் போகாது.

மண் பரிசோதனை செய்து அதன்படி இந்த அளவைக் கூட்டிக் குறைத்துக்கொள்வது இன்னும் சிறந்தது. கை அளவை விட்டுக் கணக்களவுக்கு வாருங்கள். காசும் மிஞ்சும், காயும் கூடும், கிணறும் கெடாது.