குலுக்கினால் போதுமா? – மருந்துக் குப்பி வழியே பால்மம் கற்பித்தல்

ஒன்பதாம் வகுப்பில் கூழ்மங்களைக் கற்பிக்கும்போது பால்மத்திற்குப் பாலையே எடுத்துக்காட்டாகக் கூறுகிறோம். மாணவர்களும் எழுதி மதிப்பெண் பெற்றுவிடுகின்றனர். ஆனால், மருந்துக் குப்பியின் மீது ‘நன்கு குலுக்கிய பின் பயன்படுத்தவும்’ என ஏன் அச்சிடப்பட்டுள்ளது என்று கேட்டால் பலர் விழிக்கின்றனர். அந்த ஒரு வரியைப் பாடமாக்கினால் கருத்தும் பதியும். வீட்டில் மருந்து கொடுக்கும் முறையும் சீராகும்.

அடிப்படைக் கருத்து

ஒன்றோடொன்று கலவாத இரு திரவங்களில் ஒன்று, சிறு துளிகளாக மற்றொன்றில் பரவியிருப்பதே பால்மம். துளிகளாக இருப்பது பிரிகை நிலைமை. அவற்றைச் சூழ்ந்திருப்பது பிரிகை ஊடகம். துளிகள் மீண்டும் ஒன்றுசேராமல் காப்பது பால்மக்காரணி. சோப்பு மூலக்கூறின் ஒரு முனை நீரையும் மறுமுனை எண்ணெயையும் நாடும். அதனால் அது துளியைச் சுற்றி வேலிபோல் நிற்கிறது. மருந்துகளில் வேலம் பிசின், முட்டை மஞ்சள் கருவிலுள்ள லெசித்தின் போன்றவை இப்பணியைச் செய்கின்றன.

எண்ணெய் துளியாகவும் நீர் ஊடகமாகவும் இருந்தால் எண்ணெய்/நீர் வகை. வாய்வழி உட்கொள்ளும் பால்ம மருந்துகள் பெரும்பாலும் இவ்வகையே. எண்ணெயின் சுவையும் பிசுபிசுப்பும் நாவில் அவ்வளவாகத் தெரியாது. சிரங்குக்குப் பூசும் பென்சைல் பென்சோயேட் மருந்தும் இவ்வகைதான். இதற்கு மாறாக, கோல்டு கிரீம் நீர்/எண்ணெய் வகை. ஒரு சொட்டை நீரில் விடுங்கள்: எளிதில் பரவினால் எண்ணெய்/நீர், பரவாமல் திரண்டு மிதந்தால் நீர்/எண்ணெய்.

செயல்பாடு

தேவை: மூடியுள்ள மூன்று கண்ணாடிக் குப்பிகள், கடலை எண்ணெய், காதி சோப்புக் கரைசல், மழைநீர், ஆழ்துளைக் கிணற்று நீர், எலுமிச்சைச் சாறு. (சலவைத்தூள் வேண்டாம், அது கடின நீரிலும் வேலை செய்யும்.)

1. முதல் குப்பியில் 20 மி.லி. மழைநீரும் 5 மி.லி. எண்ணெயும் மட்டும்.
2. இரண்டாவதில் அதே அளவுகளுடன் 5 மி.லி. சோப்புக் கரைசல்.
3. மூன்றாவதில் மழைநீருக்குப் பதில் ஆழ்துளைக் கிணற்று நீர். மற்றவை இரண்டாவதைப் போலவே.

மூன்றையும் ஒரே நேரம் குலுக்கி வைக்கவும். முதலாவது விரைவில் பிரியும். இரண்டாவது வெண்மையாக நிற்கும். திண்டுக்கல் சுற்றுவட்டாரத்தில் உப்புத்தண்ணீர் கிடைக்கும் ஊர்களில் மூன்றாவது குப்பியில் கசடு திரண்டு எண்ணெய் மேலே வரும். நீரிலுள்ள கால்சியம், மக்னீசியம் அயனிகள் சோப்புடன் சேர்ந்து அதைக் கரையாப் பொருளாக்கிவிடுகின்றன; வேலி சரிகிறது. மருந்துத் தயாரிப்பில் தூய்மையாக்கிய நீரே பயன்படுத்தப்படுவதன் காரணங்களுள் ஒன்று இங்கே விளங்கும். நிலக்கோட்டைப் பக்கம் பூச்செடிக்கு வேப்பெண்ணெய் தெளிப்பவர் வீட்டுப் பிள்ளைகளுக்கு இது உடனே புரியும். எண்ணெய் பிரிந்த கரைசலைத் தெளித்தால் ஓரிடத்தில் இலை கருகும். வேறிடத்தில் பூச்சி சாகாது.

ஏடு படிதலும் உடைதலும்

இரண்டாவது குப்பியை மறுநாள் வரை வைத்தால் மேலே வெண்படலம் தோன்றும். இது ஏடு படிதல். வேலி அப்படியே உள்ளது, குலுக்கினால் சரியாகும். மருந்திலும் இப்படி நேர்வதால்தான் குலுக்கச் சொல்கின்றனர். குலுக்காமல் ஊற்றினால் முதல் கரண்டியில் மருந்து மிகலாம். கடைசிக் கரண்டியில் குறையலாம். குழந்தைக்குக் கொடுக்கும்போது இந்த வேறுபாடு சிறியதன்று.

இப்போது அதே குப்பியில் எலுமிச்சைச் சாறு விடவும். அமிலம் சோப்பைக் கொழுப்பு அமிலமாக மாற்ற, எண்ணெய் தனி அடுக்காகும். இது உடைதல், குலுக்கினாலும் நிலைக்காது. இவ்வாறு உடைந்த மருந்தைப் பயன்படுத்தக் கூடாது. வெப்பம், உறைதல், கிருமி வளர்ச்சி ஆகியவையும் பால்மத்தை உடைக்கும். ஆகவே, குப்பியில் குறித்துள்ள வெப்பநிலையையும் காலாவதி நாளையும் மாணவர்களைப் படிக்கச் சொல்லுங்கள்.

மதிப்பீடு

• குலுக்கிய சில நொடிகளிலேயே மேலே எண்ணெய் நிற்கும் மருந்தை என்ன செய்வாய்? ஏன்?
• சில மருந்துகளில் அடியில் தூள் படிகிறது. அது பால்மமா, தொங்கலா?

தொடக்க வகுப்புகளில் முதல் இரு குப்பிகள் மட்டும் போதும். செயல்பாட்டுக் குப்பிகளில் பெயர் ஒட்டி, வாயில் வைக்கக் கூடாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.