அம்மாயி சொல்லும் கதையைக் கேட்டு வைப்போம்

குடும்பப் பாடத்தில் சேமிப்பைப் பற்றிப் பேசியிருக்கிறோம், பிள்ளைகளின் நிறை, உயரம் பற்றிப் பேசியிருக்கிறோம், மதுவால் வரும் சீரழிவைப் பற்றி எத்தனையோ தடவை பேசியிருக்கிறோம். இந்த முறை நாம் எடுத்துக்கொண்டது காசு செலவில்லாத விஷயம். வீட்டுக்குள்ளே கிடைக்கிற சந்தோஷம். குடும்பமாக உட்கார்ந்து பழையதைப் பேசிச் சிரிக்கிறோமே, அது. அதற்கு ஒரு பாடமா என்று சிலர் கேட்கலாம். வாசித்துவிட்டுச் சொல்லுங்கள்.

நம் தோட்டங்களில் பல குடும்பங்களுக்கு வன்னியில் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். 1973, 74ஆம் ஆண்டுகளில் தோட்டங்களில் பட்டினி தலைவிரித்து ஆடியது. 1977 ஆகஸ்டில் கலவரம். 1983இல் மறுபடியும் கலவரம். ஒவ்வொரு தடவையும் லயத்தை விட்டு, கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு, வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் போனவர்கள் ஏராளம். குளிரிலே பிறந்து வளர்ந்தவர்கள் வெயிலிலே காடு வெட்டினார்கள். தேயிலை பிடுங்கிய கை நெல்லும் கச்சானும் விதைத்தது.

அந்தப் பக்கத்தில் ஒரு ஊர் ஸ்கந்தபுரம். கிளிநொச்சி நகரத்துக்கு மேற்கே, அக்கராயன் குளத்துக்குக் கிட்ட இருக்கிறது. 1996இல் கிளிநொச்சி நகரம் போருக்குள் அகப்பட்டபோது நகரத்துச் சனம் பெருவாரியாக ஸ்கந்தபுரத்துக்கும் அக்கராயனுக்கும் வந்து மர நிழலிலும் கொட்டில்களிலும் தங்கியது. 2008இல் ஸ்கந்தபுரத்துச் சனமே கிளம்ப வேண்டியதாயிற்று. கிழக்கே, இன்னும் கிழக்கே என்று இடம் இடமாக ஓடி, 2009 மே மாதத்தில் போர் முடிந்தபோது மிஞ்சியவர்கள் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமுக்குப் போனார்கள். ஊர் திரும்பியது அதற்குப் பிறகுதான்.

இப்படி ஓடுகிற குடும்பம் எதைத் தூக்கிக்கொண்டு ஓடும்? அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், உறுதிப் பத்திரம் இருந்தால் அது. பொலித்தீன் பையில் சுற்றி இடுப்பில் கட்டிக்கொள்வார்கள். அரிசி, ஒரு பானை, பிள்ளை. படங்கள் சுவரிலேயே நின்றுவிடும். கலியாணப் படம், பெரிய மனுஷியான சடங்குப் படம், இறந்துபோன அப்பனின் ஒரே ஒரு படம், எல்லாம் போய்விட்டன. இன்றைக்கு வன்னியில் எத்தனையோ வீடுகளில் 2009க்கு முந்திய ஒரு படம்கூடக் கிடையாது.

அப்படி ஒரு வீட்டுக்கு நாம் போயிருந்தோம். அந்த அம்மாவுக்கு எழுபது வயது நெருங்கும். அட்டன் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து 1977இல் கைப்பிள்ளையோடு வந்தவர். உச்சி வெயில் கொளுத்துகிறது, அவர் நமக்குச் சாயத் தண்ணியும் மாவு ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் வைக்கிறார். “இந்த வெக்கையிலயும் எங்களுக்கு இதுதான் ஐயா” என்று சிரிக்கிறார். பேரப்பிள்ளைகள் மூன்று பேர். தேயிலைச் செடியைக் கண்ணால் கண்டதில்லை. ஆனால் “அம்மாயி, வேட்டிக் கதையச் சொல்லு” என்று நம் முன்னாலேயே நச்சரிக்கத் தொடங்கிவிட்டார்கள்.

வேட்டிக் கதை இதுதான். கலியாணத்தன்று தாத்தா பக்கத்துத் தோட்டத்திலிருந்து நடந்து வந்திருக்கிறார். கார்த்திகை மாதத்து மழை. மலைப் பாதையிலே மாப்பிள்ளை வீட்டார் தப்பு அடித்துக்கொண்டு வருகிறார்கள். மணவறையிலே தாத்தா உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் வெள்ளை வேட்டியிலே சிவப்பாய் ஒரு திட்டு. அது பெரிதாகிக்கொண்டே போகிறது. மாமியார்க்காரி கூச்சல் போட்டு, பெண்டுகள் எல்லாம் எழும்பி, மாப்பிள்ளைக்கு என்னவோ ஆகிவிட்டது என்று ஒரே அமளி. தாத்தா வேட்டியைத் தூக்கிப் பார்க்கிறார். முழங்காலுக்கு மேலே பெருவிரல் மொத்தத்துக்கு ஒரு அட்டை! “சம்பந்தி வீட்டாருக்கு முந்தி அட்டை விருந்து சாப்பிட்டிருச்சு” என்று ஒரு கிழவர் சொல்ல, தாலி கட்டும்போதும் தாத்தாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லையாம்.

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். இந்தக் கதையை நூறு தடவை கேட்டிருப்பார்கள். நடுவில் ஒரு வார்த்தை மாறினால் சின்னவள் திருத்துகிறாள்.

தாத்தா 2009இல் போனவர். திரும்பி வரவில்லை. பிள்ளைகள் விளையாடப் போன பிறகு அந்த அம்மா சொன்னது: “அவரு செத்தது இதுகளுக்குத் தெரியும். அவரு எப்பிடிச் சிரிப்பாருன்னு யாரு சொல்லுறது? படமும் இல்ல. நான்தானே சொல்லணும்.”

அவர் பள்ளிக்கூடம் போகாதவர். அவர் செய்கிற இதே காரியத்தைப் படித்தவர்களும் ஆராய்ந்து பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் அட்லாண்டா நகரத்தில் எமரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்ஷல் டியூக், ரொபின் ஃபைவுஷ் என்ற இரண்டு உளவியல் அறிஞர்கள் 2001இல் பிள்ளைகளிடம் இருபது கேள்விகள் கேட்டார்கள். உன் பாட்டி, தாத்தா எங்கே வளர்ந்தார்கள் தெரியுமா? அப்பாவும் அம்மாவும் எப்படிச் சந்தித்தார்கள் தெரியுமா? நீ பிறந்த கதை தெரியுமா? இப்படியான கேள்விகள். வீட்டில் சாப்பிடும் நேரத்துப் பேச்சையும் பதிவு செய்து கேட்டார்கள். குடும்பக் கதை அதிகம் தெரிந்த பிள்ளைகளுக்குத் தன்னம்பிக்கை கூடுதலாகவும் பதற்றம் குறைவாகவும் இருப்பதைக் கண்டார்கள்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். விடைகளை மனப்பாடம் செய்து கொடுத்தால் பிள்ளைக்கு நன்மை வந்துவிடும் என்று அவர்கள் சொல்லவில்லை. கதை தெரிய வேண்டுமென்றால் யாரோ ஒருவர் பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பல நாள் பேசியிருக்க வேண்டும். அந்தப் பேச்சும் அந்தப் பக்கத்தில் இருத்தலும்தான் பலன் தருகிறது. இன்னொன்றும் சொன்னார்கள். ‘நாங்கள் எப்போதும் உயர்ந்தே வந்தோம்’ என்ற கதையும், ‘எல்லாம் இழந்தோம்’ என்ற கதையும் பிள்ளைக்கு அவ்வளவு பலம் தருவதில்லை. ஏறினோம், விழுந்தோம், மறுபடி எழும்பினோம், எது வந்தாலும் ஒன்றாக நின்றோம் என்ற கதைதான் பலம் தருகிறது. நம் சனத்தின் கதை வேறு எப்படி இருக்கிறது? ஏற்றமும் இறக்கமும் மலைப் பாதை மாதிரித்தானே.

சரி, நேரம் எங்கே என்று தாய்மார் கேட்பது நமக்குக் கேட்கிறது. விடியப் புறப்பட்டுச் சமைத்து, பிள்ளைகளை அனுப்பி, கைப்பிள்ளையைப் பிள்ளைக் காம்பராவில் விட்டு, பெரட்டுக்கு ஓடி, நாள் முழுக்க மலையில் நின்று, கொழுந்து நிறுத்து, விறகோடு வீடு வந்தால் உடம்பு கேட்குமா? கேட்காது. தனியாக நேரம் ஒதுக்கச் சொல்லவில்லை. ரொட்டிக்கு மாவு பிசையும்போது கை தானே வேலை செய்கிறது, வாய் சும்மாதானே இருக்கிறது. பிள்ளைக்குத் தலை வாரிப் பேன் பார்க்கும் நேரம், இஸ்தோப்பில் மழை விடுமட்டும் காத்திருக்கும் நேரம், லைட் போன இரவு. பழைய கதை இந்த இடங்களில்தான் தானாக வரும். தகப்பன்மாரும் இதில் சேர்த்திதான். சம்பளத்தன்று மாலையில் நேரே வீட்டுக்கு வந்தால் பிள்ளை அதையே பெரிய கதையாக ஞாபகம் வைத்திருக்கும்!

சின்னப் பிள்ளையிடம் கேட்கிற விதம் ஒன்று உண்டு. “திருவிழாவுக்குப் போனது ஞாபகமிருக்கா?” என்று கேட்டால் “ம்” என்று சொல்லிவிட்டு ஓடிவிடும். “திருவிழாவுல யாரு யாரு வந்தாங்க? மாமா தோள்ல ஏறி நீ என்ன பார்த்த? அப்ப உனக்குப் பயமா இருந்திச்சா?” என்று கேட்டால் நின்று யோசித்துப் பேசும். இப்படி விரித்துக் கேட்கிற தாய்மாரின் பிள்ளைகளுக்கு ஞாபகமும் பேச்சும் நன்றாக வளர்கிறது என்பதும் ஆராய்ந்து கண்ட உண்மைதான். மூன்று வயதிலேயே தொடங்கலாம். பிள்ளை தப்பாகச் சொன்னால் உடனே திருத்தி வாயை அடைக்க வேண்டாம்.

வெளிநாட்டில் வேலை செய்யும் தாய்மார் போனில் பிள்ளையிடம் கேட்பது பெரும்பாலும் “சாப்பிட்டியா, படிச்சியா” தான். பாசம்தான், இல்லையென்று சொல்லவில்லை. அதோடு ஒரு பழைய கதையும் சொல்லுங்கள். “நீ பிறந்தன்னைக்கு லொறியில ஆஸ்பத்திரிக்குப் போனோம், வழியில என்ன நடந்தது தெரியுமா?” என்று தொடங்கினால் பிள்ளை போனை வைக்குமா?

வயதானவர்களுக்கும் ஒரு வார்த்தை. “அந்தக் காலத்துல நாங்க வெறுங்காலோட அஞ்சு கட்டை நடந்து பள்ளிக்குப் போனோம், நீ என்னடான்னா” என்று தொடங்கினால் அது கதை இல்லை, ஏச்சு. பிள்ளை எழும்பிப் போய்விடும். நடந்து போகும்போது வழியில் யாருடைய கொய்யாவைத் திருடினீர்கள் என்பதைச் சொல்லுங்கள்.

எல்லா ஞாபகமும் சிரிப்பாக இருக்காது. வன்னியில் மட்டுமா, இங்கேயும் 1983ஐக் கண்டவர்கள் இருக்கிறார்கள். 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி தலைமன்னார்க் கப்பலில் இந்தியாவுக்குப் போன அண்ணனை அதற்குப் பிறகு காணாதவர்கள் இருக்கிறார்கள். 1984இல் அந்தக் கப்பலும் நின்றுபோனது. கூடலூரிலும் கோத்தகிரியிலும் இருந்து வந்த கடிதங்களைத் தகரப் பெட்டியில் வைத்திருக்கும் வீடுகள் நமக்குத் தெரியும். அப்படிப்பட்டவரைச் சொல்லு சொல்லு என்று நெருக்கக் கூடாது. சாப்பாட்டிலிருந்து, ஒரு வாசத்திலிருந்து, ஒரு பகிடியிலிருந்து தொடங்கினால் போதும். அவர் எந்த இடத்தில் நிறுத்துகிறாரோ அங்கேயே விட்டுவிடுங்கள். அழுதால் பக்கத்தில் இருங்கள், பேச்சை மாற்ற அவசரப்பட வேண்டாம். வாரக் கணக்கில் தூக்கமில்லை, சாப்பாடில்லை, யாரோடும் பேச்சில்லை என்றால் அது வேறு. ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போக வேண்டும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இன்னொரு விஷயம், எழுதி வைப்பது. மடகொம்பரைத் தோட்டத்தில் பிறந்து 1947இல் பாராளுமன்றம் போன சி. வி. வேலுப்பிள்ளை, தோட்டத்துச் சனத்தின் வாயிலிருந்த பாட்டுகளைக் கேட்டுச் சேகரித்தார். பாடிய கிழவிகள் போய்விட்டார்கள், அவர் எழுதிய பாட்டுகள் இருக்கின்றன. நம் வீட்டுக் கதையை எழுத வேறு யார் வருவார்கள்? போனில் ஆயிரம் படம் இருக்கிறது என்று சொல்வீர்கள். போன் பீலித் தண்ணியில் விழுந்தால் ஆயிரமும் போய்விடும். நல்ல படம் நாலைத் தெரிந்து அச்செடுத்து, பின்பக்கத்தில் யார், எங்கே, எந்த வருஷம் என்று பேனையால் எழுதுங்கள். தூரத்துச் சொந்தத்துக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். ஒரு வீட்டில் அழிந்தாலும் இன்னொரு வீட்டில் இருக்கும். ஸ்கந்தபுரத்துச் சனத்தில் சிலருக்குப் பழைய படம் திரும்பக் கிடைத்ததென்றால், அது மலையகத்து உறவினர் பெட்டியில் கிடந்த பிரதிதான்.

எண்பது பக்கக் கொப்பி ஒன்று போதும். பெரியவர்கள் சொல்ல, பள்ளிப் பிள்ளைகள் எழுதட்டும். பிழை வந்தாலும் அடிக்க வேண்டாம், பாட்டி பேசுகிற பேச்சிலேயே எழுதட்டும். வரும் ஞாயிற்றுக்கிழமைகளில் கேட்கச் சில கேள்விகள் தருகிறோம். உங்கள் தாத்தாவின் அப்பா பெயர் என்ன, அவர் இந்தியாவில் எந்த ஊர்? திருச்சியா, சேலமா, புதுக்கோட்டையா? நம் குடும்பம் முதலில் இருந்த தோட்டம், டிவிசன், லயம் எது? எனக்கு இந்தப் பெயரை வைத்தது யார், ஏன்? அம்மா முதன்முதல் கொழுந்து எடுக்கப் போன நாளில் என்ன நடந்தது? நம் வீட்டில் யார் நன்றாகப் பாடுவார்கள், யார் காமன் கூத்தில் வேஷம் கட்டினார்கள்? நம்மை விட்டுத் தூரம் போன சொந்தக்காரர் யார், கடைசியாக அவரை எங்கே கண்டோம்? நாம் எல்லோரும் ஒன்றாக இருந்து வயிறு நோகச் சிரித்தது எப்போது, எதற்காக?