கொரிந்துவில் கடைசிப் பந்தி

அன்புள்ள தம்பிக்கு,

ஆதித் திருச்சபையின் உபசரிப்பு பற்றி நீ எழுதிய கட்டுரையை ஒரே மூச்சில் படித்தேன். ஆராதனைக்கு வர முடியாதவர்களின் வீடுகளுக்கு உதவிக்காரர் அப்பத்தைக் கொண்டுபோனதாக கி.பி. 155 வாக்கில் கிறிஸ்தவ எழுத்தாளர் ஜஸ்டின் எழுதிவைத்ததை நீ விரித்திருக்கும் பத்தி அபாரம். என் வயதுக்காரர் ஒருவரும் அதை இவ்வளவு அழகாக எழுதியதில்லை.

மற்ற பக்கங்கள் எரிச்சலூட்டின. எங்கே பார்த்தாலும் அன்பு, ஐக்கியம், ஒருமனம். சமைத்தது யார்? எந்த அறையில் பரிமாறினார்கள்? கொரிந்து சபையை ஒரே வரியில் தாண்டிவிட்டாயே! சபை கூடியது வசதியுள்ளவர் வீட்டில். அத்தகைய ரோம வீடுகளின் சாப்பாட்டறையில் வழக்கமாக மூன்று மஞ்சங்கள், ஒன்பது பேர் சாய்ந்து உண்ணலாம். மிச்சப் பேருக்கு முற்றம்தான் கிடைத்திருக்கும். சிலர் குடித்து மயங்க, சிலர் வெறும் வயிற்றோடு இருந்ததைப் பவுல் கடிந்து எழுதியது 50களின் நடுவில். சபை பிறந்து ஒரு தலைமுறைகூட ஆகவில்லை.

எங்கள் ஊர்ச் சபையின் அசன விருந்திலும் காணிக்கை கூடக் கொடுத்தவர்களுக்கே முதல் பந்தி. பனையேறிகள் உட்காரும்போது குழம்பில் கறி இருக்காது. அம்மா வாளியைப் பிடித்து நிறுத்தி, "அடியிலிருந்து அள்ளிப் போடுங்க" என்று பரிமாறுகிறவரோடு மல்லுக்கு நிற்பாள். ஐக்கியம் என்றால் என்னவென்று அந்தச் சண்டையில்தான் கற்றேன்.

இன்னொன்று. உன் கட்டுரையில் வாசல் தட்டுகிற எல்லோருமே பரிசுத்தவான்கள். ஆதித் திருச்சபையின் ஒழுங்கு நூலான 'டிடாக்கே'யைத் திரும்ப எடுத்துப் படி. ஊர் ஊராகப் போகும் அப்போஸ்தலன் ஒரு நாள் தங்கலாம், அவசியமானால் மறுநாளும். மூன்றாம் நாளும் இருந்தால் கள்ளத் தீர்க்கதரிசி. புறப்படும்போது வழிக்கு அப்பம் கொடு. காசு கேட்டால் அவனும் கள்ளன். குடியேற வந்த கைத்தொழிலாளி உழைத்துச் சாப்பிடட்டும். இதைக் கஞ்சத்தனம் என்று நினைத்துத்தான் விட்டுவிட்டாயோ? ஏமாந்த பிறகும் கதவை அடைக்க மனமில்லாதவர்கள்தான் இப்படி நாள்கணக்கு எழுதிவைப்பார்கள். அவர்கள் மேல் எனக்குள்ள மரியாதையெல்லாம் அங்கேதான் இருக்கிறது.

கட்டுரையைத் திரும்ப எழுது. கொரிந்துவில் தொடங்கு. சபை முழுவதையும் உபசரித்த காயுவையும், பலருக்கு ஆதரவாயிருந்த கெங்கிரேயா ஊர் பெபேயாளையும் பெயர் சொல்லி எழுது. ஜஸ்டின் பத்தியில் மட்டும் ஓர் எழுத்தையும் மாற்றாதே.

அன்புடன்,
உன் அண்ணன்