வெள்ளைக் கல் பைப்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

"மீர்ஷாம் என்பது கடல் நுரை இறுகிக் கல்லானது." பழைய சுங்கான்களைச் சேர்க்கிறவர்களிடம் இந்தப் பேச்சு நிறைய உண்டு. நம் பக்கத்தில் இதோடு இன்னொரு குழப்பமும் சேர்கிறது. நாட்டு மருந்துக் கடையில் கடல் நுரை என்று கேட்டால் கணவாய் ஓட்டை எடுத்துக் கொடுப்பார்கள். அது சுண்ணாம்பு வகை. எலுமிச்சைச் சாறு பட்டால் பொங்கும். மீர்ஷாம் வேறு. செபியோலைட் என்கிற மக்னீசியம் சிலிக்கேட் கனிமம் அது. துருக்கியில், கடற்கரையிலிருந்து வெகுதூரம் தள்ளியுள்ள எஸ்கிஷெஹிர் வட்டாரத்தில், மண்ணுக்கடியில் கட்டி கட்டியாகக் கிடப்பதைக் குழி தோண்டி எடுக்கிறார்கள். ஈரமாக இருக்கும்போது கத்தியால் சீவலாம். உலர்ந்துவிட்டால் தண்ணீரில் மிதக்கும் அளவுக்கு லேசாகிவிடும். உள்ளே அத்தனை நுண்துளைகள். அந்தத் துளைகள் என்ன செய்யும், என்ன செய்யாது என்பது தெரிந்தால், இந்தப் பைப்பைப் பற்றிய தவறான பேச்சுகளில் பாதியை நாமே கண்டுகொள்ளலாம்.

"பழுப்பேறியதைத் தேய்த்துத் தேய்த்து வெள்ளையாக்கினால்தான் புதுப்பித்ததாகக் கணக்கு." இதை நம்பித்தான் நல்ல பழைய பைப்புகள் பல பாழாகின்றன. செதுக்கி முடித்ததும் மீர்ஷாமை உருகிய தேன்மெழுகில் ஊற வைப்பார்கள். புகைக்கும்போது உள்ளிருந்து தார் கல்லில் ஊறி வெளிப்பக்கம் நகரும்; மெழுகோடு கலந்து, முதலில் சந்தன நிறம், பிறகு தேன் நிறம், கடைசியில் கருஞ்சிவப்பு என்று ஏறும். ஒருவர் கையில் பல வருடம் இருந்து வந்த நிறம் அது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் மெழுகும் போகும், நுணுக்கமான செதுக்கு வேலையும் மழுங்கும், விலையும் இறங்கும்.

"சுடுதண்ணியில் போட்டுக் கொதிக்க விட்டால் எல்லாம் கழன்று வரும்." வரும், கல்லும் கூடவே கெடும். நனைந்த மீர்ஷாம் மெத்தென்று ஆகிவிடும், அந்த நிலையில் அழுத்திப் பிடித்தால் விரல் நகம்கூடத் தடம் பதிக்கும், சூடு பட்டால் வெடிக்கும். கிண்ணத்தில் உப்பை நிரப்பி ஆல்கஹால் ஊற்றி ஊற வைக்கிற முறை பிரையர் மரப் பைப்புக்கானது. இதில் செய்யக் கூடாது. கிண்ணத்தின் உள்சுவரில் கரி படிந்திருந்தால் காக்க வேண்டும் என்பதும் மரப் பைப்பின் விதிதான்; மீர்ஷாமில் அந்தக் கரி சூட்டில் விரிந்து கல்லைப் பிளக்கும். அதை மெல்லிய உப்புத்தாளால் கொஞ்சம் கொஞ்சமாக எடுக்க வேண்டும். கத்தி வேண்டாம்.

குழாய்ப் பகுதி அம்பராக இருந்தால் இன்னும் நிதானம் தேவை. ஆல்கஹால் பட்டால் அம்பரின் மேற்பரப்பு மங்கிப்போகும். லேசாக ஈரத் துணியால் துடைத்தால் போதும். பழைய பைப்புகளில் குழாயைக் கிண்ணத்தோடு இணைப்பது பெரும்பாலும் எலும்பில் கடைந்த திருகு. எப்படிப் பொருத்தியிருக்கிறது என்று பார்க்காமல் இழுத்தால் மரை போய்விடும். கையுறையும் முகக்கவசமும் கட்டாயம். பழைய தாரில் நிகோடின் இருக்கும், அது தோல் வழியாகவும் உடம்பில் ஏறும். புகையிலைக் காட்டில் ஈர இலை ஒடிக்கிறவர்களுக்குத் தலைசுற்றலும் வாந்தியும் வருவது இதனால்தான். சுரண்டிய கரியைக் குழந்தைகள் கைபடும் இடத்தில் போடாதீர்கள்.

"ஷெர்லக் ஹோம்ஸ் பிடித்தது இதைத்தான்." கோனன் டாயில் எழுதிய கதைகளில் ஹோம்ஸ் கையில் இருப்பவை களிமண், பிரையர், செர்ரி மரப் பைப்புகள். மீர்ஷாம் கிண்ணம் வைத்த வளைந்த சுரைக்காய்ப் பைப்பு மேடையிலும் திரையிலும் பிறகு வந்தது. 1887இல் வந்த முதல் நாவலில் நம் ஊர் சரக்கு ஒன்று உண்டு: திருச்சிச் சுருட்டு. அதற்கான இலை திண்டுக்கல்லிலிருந்து போனது.

இனிச் சொல்வதுதான் எனக்கு முக்கியம். பைப்பை அழகாக்கியதும், ஒருமுறை பற்ற வைத்துப் பார்க்கலாமே என்று தோன்றும். அப்போது கைகொடுக்க வருவது, "கல் நிகோடினை எல்லாம் உறிஞ்சிக்கொள்ளும், கெடுதல் இல்லை" என்கிற பேச்சு. கல் கொஞ்சம் ஈரத்தையும் தாரையும் வாங்கிக்கொள்கிறது, உண்மை. அதனால் புகை வறண்டு, வாய்க்கு இதமாக இருக்கிறது, அவ்வளவே. மீதி அத்தனையும் புகைப்பவர் வாய்க்குத்தான் வருகிறது.

"பைப்புப் புகையை உள்ளே இழுப்பதில்லை, அதனால் சிகரெட் மாதிரி இல்லை." பைப்புப் புகை காரத்தன்மை கொண்டது, அதிலுள்ள நிகோடினை வாயின் உட்தோலே உறிஞ்சிவிடும். பழக்கமாக அது போதும். உதட்டுப் புற்றுநோய்க்கும் பைப்புக்கும் தொடர்பு இருப்பதை ஜெர்மானிய மருத்துவர் சோமரிங் 1795லேயே எழுதினார். 1964இல் அமெரிக்கத் தலைமை மருத்துவரின் அறிக்கை பைப் உதட்டுப் புற்றுநோயை உண்டாக்குகிறது என்றே சொன்னது. நம் நாட்டில் 2003ஆம் ஆண்டுப் புகையிலைச் சட்டத்தின் அட்டவணையில் பைப் புகையிலையும் இருக்கிறது. பொது இடத் தடை இதற்கும் உண்டு.

"கடைப் புகையிலைதானே கெடுதல், நம்மூர்ப் போயிலையைக் கிள்ளிப் போடலாம்." கொங்குப் பக்கம் உப்புக் கிணற்றுத் தண்ணீர் பாய்ச்சி வளர்த்தது வாய்ப்புகையிலை. குளோரைடு ஏறிய இலை ஒழுங்காகப் பற்றாது, அணைந்து அணைந்து போகும். பற்றினாலும் அதே நிகோடின், அதே தார்.

நம் பல்லடத்தில் புகைப்பதற்கு இன்னொரு கணக்கும் உண்டு. நூற்பாலையிலும் கழிவுப் பஞ்சு ஓட்டுகிற மில்லிலும் தறிக்கூடத்திலும் வேலை பார்ப்பவர்களின் நுரையீரல் ஏற்கெனவே பஞ்சுத் தூசியைச் சுமக்கிறது. விடுமுறை முடிந்து வேலைக்குப் போகிற முதல் நாள் நெஞ்சை இறுக்கிப் பிடிக்கிற பிஸினோசிஸ் நோய், புகைப்பவர்களிடம் கூடுதலாகவும் கடுமையாகவும் வருகிறது. அந்த நெஞ்சுக்கு எந்தப் பைப்பும் வேண்டாம் என்று நான் அழுத்திச் சொல்வேன். ஏற்கெனவே பழக்கம் இருந்து விட நினைப்பவர்களுக்கு 1800-112-356 என்ற தேசிய இலவச எண் இருக்கிறது.

பைப்பைப் புகைக்காமலே வைத்துக்கொள்ளலாம். தேங்காய் எண்ணெய் தடவாதீர்கள், சிக்கு நாற்றம் பிடிக்கும். மரச் சாமான் பாலிஷும் ஆகாது. வெள்ளைத் தேன்மெழுகு வாங்குங்கள். தலைமுடி உலர்த்தும் கருவியால் கல்லை இதமாகச் சூடாக்கி, மெழுகை மெல்லிதாகத் தடவி, ஊற விட்டு, ஆறியதும் மிச்சத்தைத் துடைத்தெடுங்கள். துடைக்க நம் ஊர் பனியன் வேஸ்ட்டைவிடத் தோதான துணி கிடையாது: சாயம் போடாத வெள்ளைத் துண்டாகப் பார்த்து எடுங்கள், சாயம் கல்லில் ஏறினால் வராது.