முப்பத்தைந்தில் ஒரு பங்கு

ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரிலுள்ள குயின்ஸ்லாந்து அருங்காட்சியகத்தில், ஏறத்தாழ 30 டன் எடையுள்ள இரும்புப் பெட்டி போன்றதொரு வாகனம் நிற்கிறது. முதல் உலகப்போரில் ஜெர்மனி உருவாக்கிய ஏ7வி என்னும் டாங்கி அது. போர்க்களத்திற்கெனக் கவசத்துடன் உருவானவை இருபதே. அவற்றுள் இன்று எஞ்சியிருப்பது இது ஒன்றுதான். ‘மெபிஸ்டோ’ என்பது இதன் பெயர். ஃபாஸ்ட் என்னும் அறிஞனின் ஆன்மாவை விலைபேசியதாக ஜெர்மானியக் கதைமரபு கூறும் சாத்தானின் பெயர் அது. பிரித்தானிய டாங்கி ஒன்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு செல்லும் சிவப்புச் சாத்தானின் உருவமும் இதன் கவசத்தில் தீட்டப்பட்டுள்ளது.

1918ஆம் ஆண்டு ஏப்ரல் 24ஆம் நாள், பிரான்சின் வில்லர்-பிரெட்டொனோ அருகே நடந்த தாக்குதலில், குண்டு விழுந்த பள்ளமொன்றில் சிக்கி மெபிஸ்டோ நின்றுவிட்டது. டாங்கியும் டாங்கியும் வரலாற்றில் முதன்முறையாக எதிரெதிர் நின்று மோதியதும் அதே நாளில், அதே களத்தில்தான். கைவிடப்பட்ட இதனை அவ்வாண்டு ஜூலைத் திங்களில் ஆஸ்திரேலியாவின் 26ஆம் படைப்பிரிவினர் இரவில் இழுத்து வந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் குயின்ஸ்லாந்துக்காரர்கள்; ஆகவே 1919இல் இது பிரிஸ்பேன் வந்து சேர்ந்தது. துறையிலிருந்து அருங்காட்சியகம்வரை இதனை இழுத்துச் சென்றவை சாலை சமன்செய்யும் நீராவி உருளைகள்! பல்லாண்டுகள் திறந்தவெளியில் நின்றது. 2011ஆம் ஆண்டு வெள்ளத்திலும் நனைந்தது.

இத்தகைய அரிய வாகனத்தைச் சிற்றுருவாகச் செய்வோர் பெரிதும் கைக்கொள்வது முப்பத்தைந்தில் ஒரு பங்கு என்னும் அளவு. 7.34 மீட்டர் நீளம் 21 சென்டிமீட்டராகும், 3.3 மீட்டர் உயரம் 9.4 சென்டிமீட்டராகும். முன்புறக் கவசத்தின் 30 மில்லிமீட்டர் தடிப்போ ஒரு மில்லிமீட்டரும் தேறாது. நீளம் முப்பத்தைந்தில் ஒன்றாகும்போது எடை அவ்வாறு குறைவதில்லை. நீளம், அகலம், உயரம் மூன்றும் சுருங்குவதால் அது 42,875இல் ஒன்றாகிறது. எல்லாப் பகுதியும் அதே உலோகத்தால் அமைந்தாலும் சிற்றுருவின் எடை ஏறத்தாழ 700 கிராம்தான்!

கணக்கு எளிது, கடினமானது வேறு. மெபிஸ்டோவைச் செய்யப் புகுபவர் முதலில் விடைகாண வேண்டிய வினா: எந்த நாளின் மெபிஸ்டோ? ஏப்ரல் 24ஆம் நாள் காலையில் புறப்பட்டதா, உள்ளே நிகழ்ந்த வெடிப்பால் கூரை சிதைந்து பள்ளத்தில் கிடந்ததா, இன்று அருங்காட்சியகத்தில் நிற்பதா? மூன்றும் ஒன்றல்ல. அருங்காட்சியகத்தில் எடுத்த ஒளிப்படத்தைப் பார்த்துப் போர்க்காலை வண்டியைச் செய்தால் பிழை நேரும். இருபது வண்டிகளும் ஒரே அச்சில் வார்த்தவையும் அல்ல. சிலவற்றின் பக்கச்சுவர் ஒரே பெருந்தகடு. சிலவற்றில் பல தகடுகளின் இணைப்பு.

வண்ணம் இன்னும் வழுக்கலான இடம். அக்காலப் படச்சுருள்கள் பல சிவப்பொளியை உணராதவை; எனவே சிவப்பு நிறம் படத்தில் ஏறத்தாழக் கருமையாகவே தெரியும். கறுப்பு வெள்ளைப் படத்தை மட்டும் நம்பினால் சிவப்புச் சாத்தான் கருஞ்சாத்தானாகிவிடுவான்.

இங்குதான் செய்ததைப் பகிர்தல் என்பது வெறும் பெருமிதமாக நின்றுவிடாமல் பொறுப்பாகிறது. ஒருவர் ஊகமாக வைத்த ஓர் ஆணியை மற்றொருவர் சான்றெனக் கொண்டு தம் சிற்றுருவில் வைப்பார். மூன்றாமவர் இருவரையும் சான்று காட்டுவார். நூறு வண்டிகள் எஞ்சியிருந்தால் பிழை தானே வெளிப்படும். ஒன்றே எஞ்சிய நிலையில் ஊகம் வரலாறாகிவிடும். ஆகவே நல்ல கலைஞர்கள் தம் படைப்பைக் காட்சிக்கு வைக்கும்போது அளந்தறிந்தது இது, படத்தில் கண்டது இது, நானாக இட்டு நிரப்பியது இது எனப் பிரித்துச் சொல்கின்றனர். அழகிய சிற்றுருவைவிட அந்தக் குறிப்பே எனக்கு மதிப்புடையதாகத் தோன்றுகிறது. ஜெர்மனியின் முன்ஸ்டர் நகர டாங்கி அருங்காட்சியகத்திலுள்ள முழு அளவு மாதிரியான ‘வோட்டான்’கூட, பெரும்பாலும் மெபிஸ்டோவை ஆராய்ந்தே உருவாக்கப்பட்டது.

சிலர் மேற்கூரையைக் கழற்றக்கூடியதாக அமைத்து உட்புறத்தையும் செய்கின்றனர். நடுவே இரண்டு டைம்லர் எந்திரங்கள். அவற்றிற்கு மேலே ஓட்டுநருக்கும் தலைவருக்கும் இருக்கை. முன்னே 57 மில்லிமீட்டர் பீரங்கி. சுற்றிலும் ஆறு இயந்திரத் துப்பாக்கிகள். இவற்றிற்கிடையே பதினெட்டு வீரர் உருவங்களை வைக்க வேண்டும். ஒவ்வொன்றும் ஐந்து சென்டிமீட்டர்கூட இல்லை. எனினும் பத்துப் பன்னிரண்டு உருவங்களை வைத்ததுமே, அடுத்ததை எங்கே நிறுத்துவது என்று இடுக்கி பிடித்த கை தயங்குகிறது.