54-க்கு மேல் ஏன் கணக்கு இல்லை? கோல்ஃப் ஹேண்டிகேப்பும் அதன் உச்சவரம்பும்

முதல் வருட லேப் ஞாபகம் இருக்கா? மல்டிமீட்டரை 20 வோல்ட் ரேஞ்சில் வைத்துவிட்டு 30 வோல்ட் சப்ளையை அளந்திருப்பீர்கள். திரையின் இடது ஓரத்தில் ஒரே ஒரு ‘1’ வந்து நிற்கும். அதை ‘1 வோல்ட்’ என்று ரெக்கார்டு நோட்டில் எழுதித் திட்டு வாங்கிய ஒருவர் எல்லா பேட்சிலும் இருப்பார். அந்த ‘1’ ஒரு அளவே இல்லை. ‘இதுக்கு மேல என்னால அளக்க முடியாது’ என்று மீட்டர் கையை விரிப்பதுதான் அது.

இந்தக் கட்டுரை கோல்ஃப் பற்றியது. ஆனால் அந்த ‘1’-ஐ மறக்காமல் கூடவே எடுத்துக்கொண்டு வாருங்கள்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், எனக்குக் கோல்ஃப் ஆடத் தெரியாது. புரோகிராமிங் அசைன்மென்டுக்காக ஹேண்டிகேப் கால்குலேட்டர் ஒன்று எழுதினேன். கடைசியில் ஒரு வரி சேர்க்க வேண்டியிருந்தது: விடை 54-ஐத் தாண்டினால் 54 என்றே வை. ஒரே ஒரு ‘இஃப்’. ஏன் 54? அது ஏன் 30 இல்லை, 100 இல்லை? அந்தக் கேள்விதான் இந்தப் பாடம்.

ஹேண்டிகேப் என்றால் என்ன?

தெருவில் ஓட்டப்பந்தயம் வைக்கும்போது சின்னப் பசங்களைப் பத்தடி முன்னால் நிற்க வைப்போம் இல்லையா? அதே ஏற்பாடுதான். கோல்ஃபில் 18 குழிகள். ஒவ்வொரு குழிக்கும் நல்ல ஆட்டக்காரர் எடுக்க வேண்டிய அடிகளின் எண்ணிக்கை உண்டு. அதன் பெயர் பார். பெரும்பாலான மைதானங்களில் மொத்த பார் 72 அல்லது அதையொட்டி இருக்கும். குறைந்த அடிகளில் முடிப்பவர் வெற்றி பெறுவார். திறமை குறைந்தவருக்குச் சில அடிகளைக் கழித்துக் கொடுத்தால் இருவரும் சமமாக மோதலாம். அந்தக் கழிவுதான் ஹேண்டிகேப். எண் பெரிசா இருந்தா, ஆட்டம் இன்னும் கைவரவில்லை என்று அர்த்தம்.

கணக்கு எப்படி?

2020 ஜனவரியில் உலக ஹேண்டிகேப் முறை நடைமுறைக்கு வந்தது. அமெரிக்க கோல்ஃப் சங்கமும், செயின்ட் ஆண்ட்ரூஸை மையமாகக் கொண்ட ஆர் அண்ட் ஏ அமைப்பும் சேர்ந்து கொண்டுவந்தது இது. ஒவ்வோர் ஆட்டத்துக்கும் ஒரு ‘வேறுபாடு’ கணக்கிட வேண்டும்:

வேறுபாடு = (113 ÷ ஸ்லோப்) × (எடுத்த அடிகள் − கோர்ஸ் ரேட்டிங்)

கோர்ஸ் ரேட்டிங் என்பது தேர்ந்த ஆட்டக்காரருக்கு அந்த மைதானம் எவ்வளவு கடினம் என்பதைச் சொல்வது. ஸ்லோப் என்பது சாதாரண ஆட்டக்காரருக்கு அது எவ்வளவு கூடுதலாகக் கடினமாகிறது என்பதைச் சொல்வது. ஸ்லோப் 55 முதல் 155 வரை போகும். 113 என்பது நடுத்தரம். அன்றைய ஆட்டச் சூழலுக்கான ஒரு சின்னத் திருத்தமும் சூத்திரத்தில் உண்டு. இங்கே அதை விட்டுவிடுவோம்.

கடைசி 20 ஆட்டங்களின் வேறுபாடுகளில் சிறந்த 8-ஐ எடுத்துச் சராசரி பாருங்கள். வருவதுதான் ஹேண்டிகேப் இன்டெக்ஸ். கவனிக்கவும்: இது உங்கள் சராசரி ஆட்டம் இல்லை. நன்றாக ஆடும் நாளில் உங்களால் என்ன முடியும் என்பதன் அளவு.

பழைய வரம்பில் என்ன பிரச்சினை?

2020-க்கு முன் அமெரிக்க முறையில் இன்டெக்ஸின் உச்சம் ஆண்களுக்கு 36.4, பெண்களுக்கு 40.4. பிரிட்டனில் நெடுங்காலம் ஆண்களுக்கு 28, பெண்களுக்கு 36. இப்போது ஒரு ஆட்டத்தைப் போட்டுப் பார்ப்போம். பார் 72, கோர்ஸ் ரேட்டிங் 72, ஸ்லோப் 113 என்று வைத்துக்கொள்வோம்.

சீனியர்: ஹேண்டிகேப் 10. அன்று 84 அடிகள். நிகர எண் 74.

புதுமுகம்: உண்மையான திறன்படி ஹேண்டிகேப் 48. அன்று 121 அடிகள். நிகர எண் 73.

புதுமுகம் ஒரு அடியில் ஜெயித்துவிட்டார். தன் அளவுக்கு அவர் உண்மையிலேயே நன்றாக ஆடிய நாள் அது. இப்போது 36 என்ற வரம்பைப் போடுங்கள். நிகர எண் 85. பதினோரு அடியில் தோல்வி. அவர் ஆட்டம் மாறவில்லை. மீட்டர்தான் ‘1’ காட்டுகிறது. 37 திறன் உள்ளவரும் 60 திறன் உள்ளவரும் அந்த மீட்டரில் ஒரே ஆள்.

இதைவிட மோசமான விஷயம் ஒன்று உண்டு. அந்தப் புதுமுகம் ஆறு மாதம் பயிற்சி எடுத்து 48-லிருந்து 40-க்கு இறங்கினால்? எட்டு அடி முன்னேற்றம்! ஆனால் அட்டையில் எண் அசையாது. முன்பும் 36, இப்போதும் 36. தொடக்கத்தில்தான் முன்னேற்றம் வேகமாக நடக்கும். அந்த இடத்தில் போய் அளவுகோல் குருடாக இருந்தால் யாருக்கு ஆட மனம் வரும்? ‘நல்லா ஆடக் கத்துக்கிட்டு வாங்க, அப்புறம் உங்களை அளக்கிறோம்’ என்பது போல ஆகிவிடுகிறது.

54 எதைச் செய்தது?

புதிய முறை ஆண், பெண் இருவருக்கும் ஒரே உச்சவரம்பாக 54.0-ஐ வைத்தது. 18 குழிகளால் வகுத்தால் குழிக்கு மூன்று அடிகள். பார் 4 குழியை 7 அடியில் முடிப்பவர் கூடக் கணக்குக்குள் வந்துவிட்டார். மல்டிமீட்டர் மொழியில், ரேஞ்சை மாற்றிவிட்டார்கள்.

பலர் தவறவிடும் ஒரு நுணுக்கம்: 54.0 என்பது இன்டெக்ஸுக்கு மட்டுமே வரம்பு. ஒரு குறிப்பிட்ட மைதானத்தில் கிடைக்கும் கோர்ஸ் ஹேண்டிகேப் அதைத் தாண்டலாம்.

கோர்ஸ் ஹேண்டிகேப் = இன்டெக்ஸ் × (ஸ்லோப் ÷ 113) + (கோர்ஸ் ரேட்டிங் − பார்)

ஸ்லோப் 130, ரேட்டிங்கும் பாரும் 72 என்றால்: 54 × 130 ÷ 113 = 62.1. அதாவது 62 அடிகள். என் கால்குலேட்டரின் முதல் பிழை இதுதான். அந்த ‘இஃப்’ வரியை இன்டெக்ஸுக்குப் போடாமல் கடைசி விடைக்குப் போட்டிருந்தேன்.

அப்போ ஏமாற்ற மாட்டாங்களா?

நியாயமான கேள்வி. வேண்டுமென்றே மோசமாக ஆடி ஹேண்டிகேப்பை ஏற்றி வைத்து, போட்டி நாளில் வெளுத்துக் கட்டுவதற்கு ‘சேண்ட்பேகிங்’ என்று பெயர். பழைய வரம்பு இதைத் தடுத்ததா? சும்மா 12-லிருந்து 20-க்கு ஏற்றிக்கொள்பவரை 36 என்ற கூரை என்ன செய்யும்? கூரை அவர் தலைக்கு மேல் எங்கேயோ இருக்கிறது. அது இடித்தது புதுமுகத்தின் தலையில் மட்டும்தான்.

ஏமாற்றைப் பிடிக்க வேறு தடைகள் இருக்கின்றன.

ஒன்று, குழிக்கான தடை. ஒரு குழியில் எத்தனை அடித்தாலும் ஹேண்டிகேப் கணக்கில் ஏறுவது பார் + 2 + அந்தக் குழிக்கு உங்களுக்குக் கிடைக்கும் சலுகை அடிகள் வரைதான். கோர்ஸ் ஹேண்டிகேப் 36 என்றால் குழிக்கு 2 சலுகை. பார் 4 குழியில் உச்சம் 8. மணல் குழிக்குள் மாட்டி 13 அடித்தாலும் பதிவாவது 8. முதன்முதலாக ஹேண்டிகேப் வாங்குபவருக்கு இது குழிக்கு பார் + 5.

இரண்டு, வேகத்தடை. கடந்த 365 நாட்களில் உங்கள் குறைந்தபட்ச இன்டெக்ஸை முறை நினைவில் வைத்திருக்கும். அதற்கு மேல் 3.0 வரை முழுதாக ஏறலாம். அதற்கு மேற்பட்டது பாதியாகக் குறைக்கப்படும். மொத்த ஏற்றம் 5.0-ஐத் தாண்டவே முடியாது. உதாரணம்: குறைந்தபட்சம் 30.0, புதுக் கணக்கு 36.0. முதல் 3 முழுதாக, மீதி 3-இல் பாதி: 34.5.

இந்த வேகத்தடை 20 ஆட்டங்கள் பதிவான பிறகுதான் வேலை செய்யும். புதுமுகத்தை விட்டுவிடும், பழகியவரைத்தான் பிடிக்கும். கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் படித்தவர்களுக்கு உடனே புரியும்: சாச்சுரேஷன் லிமிட் வேறு, ரேட் லிமிட் வேறு. திடீர்த் தாவலைத் தடுக்க வேண்டிய இடத்தில் கூரையைத் தாழ்த்திப் பயனில்லை.

ஆனாலும் போட்டிகளில் வரம்பு வைக்கிறார்களே?

ஆமாம். தனிப்பட்ட போட்டிகளுக்குக் குறைந்த வரம்பு வைக்கும் உரிமை நடத்துபவர்களுக்கு உண்டு. அதற்குப் பின்னாலும் கணக்கு இருக்கிறது. ஹேண்டிகேப் கூடினால் ஆட்டத்தின் ஏற்ற இறக்கமும் கூடும். சீனியர் இன்று 82, நாளை 86. புதுமுகம் இன்று 130, நாளை 112. இருவர் மட்டும் மோதினால் நிலையாக ஆடும் சீனியருக்குச் சற்றே சாதகம். ஆனால் நூறு பேர் ஆடும் போட்டியில், அத்தனை புதுமுகங்களில் யாரோ ஒருவருக்கு அன்று அதிர்ஷ்ட நாளாக அமைந்துவிடும். பரிசு அங்கே போய்விடும். சராசரி சமமாக இருந்தாலும் வேரியன்ஸ் சமம் இல்லை என்பதுதான் விஷயம்.

ஆகவே ஒரு போட்டிக்கு வரம்பு வைப்பது தப்பில்லை. அளவுகோலையே குட்டையாக வெட்டுவதுதான் தப்பு. ‘இந்தப் போட்டிக்கு 36 வரை’ என்பது விதி. ‘36-க்கு மேல் ஆளே கிடையாது’ என்பது பொய்.

நீங்களே செய்து பாருங்கள்

ஒருவரின் குறைந்தபட்ச இன்டெக்ஸ் 40.0. இந்த வாரக் கணக்கு 48.0. அவருக்குக் கிடைக்கும் இன்டெக்ஸ் என்ன? 45.5 என்று வந்தால் ஒரு படியை விட்டுவிட்டீர்கள். 3 + 2.5 = 5.5, ஆனால் மொத்த ஏற்றம் 5.0-இல் நின்றுவிடும். விடை 45.0.

நாளைக்கு நீங்கள் ஒரு மார்க் ஷீட்டுக்கோ, சென்சாருக்கோ, ஆப்புக்கோ ‘இதைத் தாண்டினால் இதையே வை’ என்று ஒரு வரி எழுதுவீர்கள். எழுதும் முன் ஒரு நிமிடம் நின்று, அந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம் யார் நிற்கிறார்கள் என்று பாருங்கள். பெரும்பாலும் அங்கே நிற்பவர் இப்போதுதான் தொடங்கியிருப்பார்.