15 வயது பைக்கை எஃப்.சி.க்குக் கொண்டுபோகிறீர்களா?

சொந்த பைக்கின் ஆர்.சி. 15 ஆண்டுகள்தான் செல்லும். அதன்பின் எஃப்.சி. ஆய்வு முடித்து, 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். காலாவதியாவதற்கு 60 நாள் முன்பே படிவம் 25 கொடுக்கலாம், தாமதித்தால் அபராதம்தான்.

ஆய்வில் பலர் திணறுவது சேஸிஸ் எண்ணில். பெரும்பாலும் ஹேண்டில் பாருக்குக் கீழே, கழுத்துப் பகுதியில் பொறித்திருக்கும். துருவும் எண்ணெய்ப் பிசுக்கும் மூடியிருந்தால் மண்ணெண்ணெய் நனைத்த துணியால் பொறுமையாகத் துடையுங்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவே கூடாது. எழுத்து மழுங்கினால் எண்ணைத் திருத்தியதாகச் சந்தேகம் வரும்.

முன் பிரேக், பின் பிரேக் இரண்டையும் தனித்தனியாக அழுத்தி, பின்விளக்கு எரிகிறதா என இன்னொருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். ஹாரன், இண்டிகேட்டர், கண்ணாடி, டயர் சரியாக இருக்கட்டும். சத்தம் போடும் சைலன்சரைக் கழற்றிவிட்டு, கம்பெனி சைலன்சரையே மாட்டுங்கள். இன்ஷூரன்ஸ், புகைச் சான்றின் தேதிகளை முந்தின வாரமே பார்த்துவிடுங்கள்.